மாடம்பாக்கம் வீட்டை விற்றுக் கோவைக்குக் குடிபோக: பதிவு நாளிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

கேள்வியின் சுருக்கம்: தாம்பரம் மாநகராட்சியில் மாடம்பாக்கத்தில் அரை கிரவுண்டில் தனி வீடு. மனை 2008-ல் வாங்கியது, 2012-ல் வீடு கட்டியது. வங்கிக் கடன் கொஞ்சம் பாக்கி. கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளர்கள். இப்போது செப்டம்பர். அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கோயம்புத்தூரில் இருக்க வேண்டும். வீட்டை எப்போது விற்பனைக்குப் போடுவது, முதலில் எதைச் செய்வது?

முதலில் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். வில்லங்கச் சான்றிதழை, அதாவது சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் ஈ.சி.யைப் பாருங்கள். வீடு பிடித்து முன்பணம் கொடுத்தவர் பின்வாங்குவது பெரும்பாலும் சுவரால் அல்ல, காகிதத்தால். அந்தக் காகிதம் எதுவும் ஒரு வாரத்தில் சரியாவதில்லை.

ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். மே கடைசி வாரம் லாரி. பதிவு ஏப்ரலுக்குள் முடிந்தால் நல்லது. மே நடுப்பகுதி கடைசி எல்லை. வாங்குபவருக்கு வங்கிக் கடன் என்றால் சட்ட ஆய்வு, மதிப்பீடு, கடன் ஒப்புதல் எல்லாவற்றுக்குமாக ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில் இரண்டு, மூன்று மாதம் விடுங்கள். அப்படியானால் ஒப்பந்தம் பிப்ரவரியில். வீட்டைக் காட்டத் தொடங்குவது ஜனவரியில், பொங்கலுக்குப் பிறகு. மார்கழியில் வீடு பார்க்க வருகிறவர்கள்கூட முன்பணம் கொடுக்கத் தயங்குவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதமும் ஆவணங்களுக்கு, கூடவே வீடு எங்கே ஒழுகுகிறது என்று குறித்துக்கொள்வதற்கு. ஜூன் தாண்டிவிட்டால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடிப்பெருக்கு ஒரு நாளைத் தவிர ஆகஸ்ட் நடுவரை பத்திரம் பதிய ஆள் கிடைப்பது கடினம். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். வாங்குபவரின் மாமியாருக்கு இருக்கும்.

ஆவணங்களுக்கு வருவோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975-லிருந்து ஈ.சி. பார்க்கலாம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கையொப்பமிட்ட நகலுக்குத்தான் கட்டணம். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து மட்டும் பார்க்காமல் குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் அதைத்தான் கேட்பார். சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் அந்த லேஅவுட்டில் உள்ள எல்லா மனையின் பதிவுகளும் வந்து குவியும். மனை எண், நான்கு எல்லை இரண்டையும் பத்திரத்தோடு ஒப்பிட்டு உங்களுடையதைப் பிரித்தெடுங்கள்.

அடுத்தது பட்டா. உங்கள் பகுதியில் சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். பழைய லேஅவுட் மனைகளில் பல இன்னும் கூட்டுப் பட்டாவில், முதல் நில உரிமையாளரின் பெயரோடு சேர்ந்து கிடக்கின்றன. உட்பிரிவு செய்யாமல் உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா வராது. உட்பிரிவு என்றால் நில அளவையர் நேரில் வந்து அளந்து புலப்படத்தில் கோடு போட வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அளவையர் வரும் நாள் நம் கையில் இல்லை. நகர நில அளவை முடிந்த இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பதிவேட்டில் புதிய டவுன் சர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஒப்பீட்டு விவரத்தை இப்போதே வாங்கி வையுங்கள். பட்டாவில் 1,190 சதுர அடி, பத்திரத்தில் 1,200 என்று வந்தால் பதற வேண்டாம். ஆனால் விலை பேசும்போது எந்த அளவின்படி என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் நடக்கும் ஊரில் பத்து சதுர அடிக்கும் சண்டை வரும்.

சொத்து வரி ரசீதும் அப்படித்தான். மாடம்பாக்கம் 2021 நவம்பர் வரை பேரூராட்சி, பிறகு தாம்பரம் மாநகராட்சி. பழைய வரி விதிப்பு எண்ணும் புதிய எண்ணும் வேறு. புதிய ரசீதில் உங்கள் இருவர் பெயரும், கட்டடப் பரப்பும் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். மாடியில் ஒரு அறை ஏற்றி, வரிக்குக் காட்டாமல் விட்டிருந்தால் மதிப்பீட்டாளர் வரும்போது அது வெளியே வரும். கட்டட அனுமதி வரைபடத்தில் இல்லாத பகுதிக்கு வங்கி மதிப்புப் போடாது. அதாவது வாங்குபவருக்குக் கடன் குறையும், குறைந்ததை உங்கள் விலையில் கழிக்கப் பார்ப்பார். இந்த விஷயத்தை மறைத்துப் பயனில்லை. வரைபட நகலை முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட் என்றால் வரன்முறை ஆணையும் கையில் இருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கென்று வந்த திட்டத்தில் ஒழுங்குபடுத்தியிருப்பீர்கள்; அந்த ஆணையின் அசலைத் தேடி எடுங்கள்.

தாய்ப் பத்திரங்களை, அதாவது உங்களுக்கு முன் மனை கைமாறிய பழைய பத்திரங்களை, வரிசையாக அடுக்கிப் படியுங்கள். நடுவில் யாராவது இறந்து, வாரிசுகள் விற்றிருந்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மகள்கள் கையெழுத்துப் போட்டார்களா? பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லும், நாடு முழுக்க 2005 செப்டம்பர் 9-லும் வந்தது. அந்தத் தேதிகளை ஒட்டி நடந்த விற்பனையில் ஒரு சகோதரியின் கையெழுத்து விடுபட்டிருந்தால் எந்த வங்கி வழக்கறிஞரும் அதைத் தாண்டிப் போகமாட்டார். இதைச் சரிசெய்ய அந்தக் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் அக்டோபரிலேயே 3,000 – 5,000 ரூபாய் செலவழித்து நீங்களே ஒரு வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து வாங்கிவிடுவது நல்லது என்பேன். வாங்குபவர் அதை அப்படியே ஏற்கமாட்டார். ஆனால் அவருடைய வழக்கறிஞர் எங்கே குத்துவார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்போது வங்கிக் கடன். அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது, ஈ.சி.யில் உரிமை ஆவண ஒப்படைப்பு என்று ஒரு வரி இருக்கும். கையில் பணம் இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பத்திரங்களை வாங்கும்போது, கடன் எடுத்த நாளில் வங்கி கொடுத்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள்.

பலர் விடுவது இதற்கடுத்த படியைத்தான். கடன் அடைத்தாலும் ஈ.சி.யில் அந்த வரி தானாக அழியாது. வங்கி அதிகாரி வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிய வேண்டும். அதிகாரியின் நேரம் கிடைப்பதற்கே இரண்டு வாரம் ஆகலாம். பதிவு நாளன்று ‘கடன் நிலுவை காட்டுகிறதே’ என்று கேட்கும்போது கையைப் பிசைவதற்கு இதுதான் காரணம்.

கையில் பணம் இல்லை, விற்றுத்தான் அடைக்க வேண்டும் என்றாலும் வழி உண்டு. உங்கள் வங்கியிடம் நிலுவைக் கடிதமும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்குங்கள். வாங்குபவரின் வங்கி நிலுவைத் தொகைக்கு உங்கள் வங்கியின் பெயரிலேயே காசோலை கொடுக்கும், மீதியை உங்களுக்குக் கொடுக்கும். இரண்டு வங்கியும் ஒத்துழைக்க வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு மாதம் வையுங்கள். சொந்தப் பணத்தில் வாங்குகிறவர் என்றால் முன்பணத்தை நிலுவைக்கு ஈடாக வாங்கி, அதை நேராகக் கடன் கணக்கில் கட்டச் செய்யலாம். அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

இனி வீடு. மழை பெய்யும்போது கையில் ஒரு சாக்பீஸோடு சுற்றுங்கள். ஈரம் தெரியும் இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் ஆறு வாரத்தில் கொப்பளிக்கும், அதுவும் வாங்குபவர் இரண்டாம் தடவை பொறியாளரோடு வரும்போது. சந்தேகமான இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்தால் அது காற்றின் ஈரப்பதம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். குளியலறைக்குப் பின்சுவரில் ஈரம் என்றால் வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் பாருங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் ஓடுகளின் இடுக்கோ வடிகுழாய் மூட்டோ ஒழுகுகிறது. மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் முதல் சந்தேக இடம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து வழிந்து அதன் அடியிலேயே ஊறுவது அடுத்தது. தளத்தின் அடிப்பக்கம் கம்பி துருப்பிடித்து காரை உப்பியிருந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பார்த்தவுடன் மொத்த வீட்டின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

ரிப்பேரை ஜனவரி முதல் வாரத்தில் செய்யுங்கள். பூச்சைக் கொத்தியெடுத்த சுவர் நன்றாகக் காயாமல் பட்டி வைக்கக் கூடாது. மேற்பூச்சு புதிதென்றால் மூன்று, நான்கு வாரம். வண்ணம் அடிப்பது முன்பக்கம், கூடம், சமையலறை போதும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். மாடுலர் கிச்சன் புதிதாகப் போட்டு அந்தச் செலவை விலையில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். பழைய கட்டடத்தை வாங்குபவர் மனை விலைதான் போடுவார், கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து ஏதோ கொடுப்பார். வாஸ்துவுக்காகச் சுவரை இடிக்கவும் வேண்டாம். இவருக்குச் சரியாக்கினால் அடுத்தவருக்குத் தப்பாகிவிடும். கதவு நிலையில் கரையான் மண் தெரிந்தால் தட்டிவிட்டு மூடாமல் துளையிட்டு மருந்து ஏற்றி, ரசீதை வையுங்கள். மின்கசிவுக்கு ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போட்டுவிடுங்கள், சின்னச் செலவு.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். போர் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, மோட்டார் எந்த ஆழத்தில் இறக்கியிருக்கிறது, மே மாதத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையோடு வையுங்கள். அதில் டி.டி.எஸ். என்று வருவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, விலையில் பிடிக்கும் வரியான டி.டி.எஸ்.ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மழையில் தெருவில் தண்ணீர் தேங்குமா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் எப்படியும் விசாரிப்பார்கள்.

விலை வைக்கும்போது உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. வீடு 85 லட்சம் என்றால் அவருக்கு 7.65 லட்சம் கூடுதல் செலவு. பேரத்தில் அவர் மனதில் ஓடும் எண் 92.65 லட்சம் என்பதை நினைவில் வையுங்கள். அதனாலேயே ‘வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாக’ என்ற பேச்சு வரும். ஒப்புக்கொள்ள வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் பணம் வாங்கிய உங்கள் தலையில். அந்த ரொக்கத்தைக் கொண்டு கோவையில் கணக்கில் காட்டி வீடு வாங்கவும் முடியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. உங்கள் விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த மதிப்பில் விற்றதாகவே வருமானவரிக் கணக்கு போடப்படும்.

வரியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு பழைய காகிதக் கட்டுக்கு லட்சக்கணக்கில் விலை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு நீண்டகால மூலதனச் சொத்து. 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடுவது) கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, நிலத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறையில், அந்தச் சரிக்கட்டலுக்கு அரசு வருடந்தோறும் அறிவிக்கும் குறியீட்டெண் போட்டு 20 சதவீதம் கட்டுவது குறைவாக வந்தால் அந்த அளவு கட்டினால் போதும். உதாரணமாக மனை 2008-09-ல் 9 லட்சம், அந்த வருடக் குறியீட்டெண் 137. கட்டடம் 2012-13-ல் 20 லட்சம், எண் 200. 2025-26-ன் எண் 376-ஐ வைத்துக் கணக்கு போட்டால் மனை 24.70 லட்சம், கட்டடம் 37.60 லட்சம், மொத்தம் 62.30. விற்பனை 85 லட்சம் என்றால் லாபம் 22.70, வரி 20 சதவீதத்தில் 4.54 லட்சம். சரிக்கட்டாமல் போட்டால் லாபம் 56 லட்சம், 12.5 சதவீதத்தில் 7 லட்சம். எனவே 4.54.

கட்டடச் செலவுக்குச் சான்றே இல்லை என்று வையுங்கள். சரிக்கட்டிய லாபம் 60.30, வரி 12.06, புது முறையில் லாபம் 76, வரி 9.50 லட்சம். ஆக, கட்டடக் காகிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 5 லட்சம். மேஸ்திரியோடு போட்ட ஒப்பந்தம், சிமென்ட், கம்பி ரசீதுகள், வங்கி கட்டம் கட்டமாகக் கடன் விடுவித்த விவரம், வங்கிப் பொறியாளரின் அன்றைய மதிப்பீடு எல்லாவற்றையும் தேடுங்கள். வங்கியின் கடன் விடுவிப்பு விவரம் ஒன்றே நல்ல சான்று. இல்லவே இல்லை என்றால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2012-13 மதிப்புக்கு அறிக்கை வாங்கலாம். வாங்கியபோது கட்டிய முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணமும் செலவில் சேரும். புரோக்கர் கமிஷன் விற்பனைத் தொகையிலிருந்து கழியும், ஆனால் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கியிருக்க வேண்டும். மேலே சொன்ன வரியோடு 4 சதவீதம் செஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவையில் வீடு வாங்கப்போகிறீர்கள் என்றால் இந்த வரி முழுதும் விலகலாம். விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வேறு வீடு வாங்க வேண்டும். கட்டுவதென்றால் மூன்று வருடம். லாபத் தொகையைப் போட்டால் போதும், விற்ற பணம் முழுவதையும் அல்ல. அந்தக் கணக்கில் லாபம் என்பது சரிக்கட்டாத 56 லட்சம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பு. முதலில் வாடகைக்குப் போகிறீர்கள் என்றால், வருமானவரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் இன்னும் செலவழிக்காத தொகையை வங்கியில் மூலதன லாபக் கணக்கு என்று தனியாகத் திறந்து போட வேண்டும். சாதாரண வைப்புநிதியில் போட்டுவிட்டு ‘வீடு வாங்கத்தானே வைத்திருக்கிறேன்’ என்று சொன்னால் எடுபடாது. பதிவை மார்ச் கடைசி வாரத்துக்குப் பதில் ஏப்ரல் முதல் வாரத்தில் வைத்தால் விற்பனை அடுத்த நிதியாண்டுக்குப் போகும். அந்தக் கணக்கில் பணம் போட ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் கால அட்டவணைக்கு இது அப்படியே பொருந்துகிறது. 2025-ம் வருட வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்ததால் பழைய பிரிவு எண்கள் மாறியுள்ளன. ஆடிட்டரிடம் பேசும்போது எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துத்தான் உங்களுக்குத் தர வேண்டும். 85 லட்சத்துக்கு 85,000. நீங்கள் இருவர், ஆளுக்கு 42.5 லட்சம்தானே என்று விட முடியாது. 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். இருவரின் பான் எண்ணுக்கும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். இருவரின் பானும் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள், இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதத்துக்குத் தாவும்.

விற்பனை ஒப்பந்தம். 2012-ல் வந்த மாநிலத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட வேண்டியது. அது வாங்குபவருக்குப் பாதுகாப்பு. உங்களுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது: பதிந்த ஒப்பந்தம் ஈ.சி.யில் ஏறிவிடும். அவர் பின்வாங்கினால் ரத்துப் பத்திரத்துக்கு இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் அவர் வராமல் இழுத்தால் அடுத்தவருக்கு விற்க முடியாது, உங்கள் ஜூன் போய்விடும். அதனால் முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், காலக்கெடுவைத் தேதியாக எழுதுங்கள், முன்பணம் திரும்பும் நாளும் ரத்துப் பத்திரம் பதியும் நாளும் ஒன்றே என்று எழுதுங்கள். கடன் கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். எதை விட்டுப்போகிறீர்கள் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கட்டும்: மோட்டார், சோலார் ஹீட்டர், மின்விசிறிகள், ஏ.சி., இன்வெர்ட்டர், பரணில் பொருத்திய கதவுகள். கடைசி நாளில் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் மின்விசிறிக்காகத்தான்.

இன்னொரு வரி முக்கியம். பதிவு ஏப்ரலில், நீங்கள் காலி செய்வது மே கடைசியில். ‘பதிவுக்குப் பிறகு இன்ன தேதி வரை விற்பவர் குடியிருப்பார், அதுவரை விலையில் ஒரு லட்சம் நிறுத்திவைக்கப்படும்’ என்பதுபோல எழுதிக்கொள்ளுங்கள். லாரி நாளையும் பதிவு நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். சர்வர் கோளாறு, டோக்கன் தள்ளிப்போவது, வங்கி வழக்கறிஞர் வராமல் போவது எல்லாம் அன்றாடம் நடப்பவை. சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்போது விலையில் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டால் மறுக்க மனம் வராது.

பதிவு நாளன்று இருவரின் அசல் ஆதார், பான், அசல் பத்திரம், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள். நல்ல நாளில் கூடுதல் டோக்கன் விடுவார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். பத்திர நகலை முந்தின இரவே படித்துவிடுங்கள். சர்வே எண், நான்கு எல்லை, இருவர் பெயரின் எழுத்து, தொகை எழுத்தாலும் எண்ணாலும் ஒன்றா. மீதிப் பணம் கணக்கில் விழுந்த பிறகே, அல்லது வங்கியின் காசோலை கைக்கு வந்த பிறகே விரல்ரேகை. ஒருவர் வர முடியாமல் மற்றவருக்குப் பவர் கொடுப்பதானால் பதிவு செய்த பவராக இருக்க வேண்டும். கொடுத்து 30 நாள் தாண்டியிருந்தால் உயிர்வாழ் சான்றும் கேட்பார்கள்.

குடிபெயர்ச்சி இதற்குப் பிறகு எளிதுதான். கோவையில் பால் காய்ச்சுவதை ஒரு நல்ல நாளில் போய் முடித்துவிட்டு, லாரியை மாத நடுவில் ஒரு வேலைநாளில் வையுங்கள். மாதக் கடைசியும் முகூர்த்த நாளும் வாடகை ஏறும். இரண்டு படுக்கையறைச் சாமானுக்கு 14 அடி வண்டி போதுமா, 17 அடி வேண்டுமா என்பதை நேரில் வந்து பார்த்துச் சொல்பவரிடம் மட்டும் பேசுங்கள். போனிலேயே மிகக் குறைந்த தொகை சொல்பவர் சாமான் ஏற்றியபின் இரட்டிப்பாகக் கேட்பது தெரிந்த மோசடி. தனி வண்டியா, மற்றவர் சாமானோடு சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். சேர்த்து வந்தால் 500 கிலோமீட்டருக்கு ஐந்து நாளும் ஆகலாம். காப்பீடு என்று பணம் வாங்கினால் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண் கேளுங்கள். பல இடங்களில் அது அவர்களே வசூலிக்கும் ரிஸ்க் கட்டணம் மட்டுமே.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து ஐஸ் கரையவிட்டு நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடிக்கும் போல்ட் நான்கு மெஷின் வாங்கியபோதே வந்திருக்கும், அதை மாட்டாமல் ஏற்றினால் சஸ்பென்ஷன் போய்விடும். இன்வெர்ட்டர் பேட்டரி சாய்ந்தால் அமிலம் வழியும், துணி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கவிடாதீர்கள். பைக்கில் பெட்ரோலை வடித்துவிடுங்கள். சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டர், ரெகுலேட்டரை ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முடிப்புச் சீட்டைப் பெறுங்கள், அதைக் காட்டி கோவையில் புது இணைப்பு. பத்திரங்கள், நகை, கட்டடச் செலவுக் காகிதக் கட்டு மூன்றும் உங்கள் கையில், ரயிலில்.

பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு ஏப்ரலிலேயே எழுதிக் கொடுங்கள்; இ.எம்.ஐ.எஸ். எண்ணை (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவில் மாணவருக்குள்ள எண்) பழைய பள்ளி விடுவிக்காமல் புதிய பள்ளி சேர்க்க முடியாமல் தவிக்கும். ஒரே மாநிலம் என்பதால் வண்டிகளுக்குத் தடையில்லாச் சான்று தேவையில்லை, முகவரி மாற்றம் போதும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கிளம்பும் அன்று மின் மீட்டரின் அளவை வாங்குபவரோடு நின்று படம் எடுத்து, அதுவரையிலான கட்டணத்தைக் கணக்கு தீர்த்துக்கொள்ளுங்கள். இணைப்பைப் பெயர் மாற்ற உங்கள் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும். அதையும் கையெழுத்திட்டுச் சாவியோடு கொடுத்துவிட்டால், ஜூலையில் அவர் அதற்காக உங்களைக் கோவையிலிருந்து கூப்பிடமாட்டார்.